ஆணி சிவக்கவில்லையா? உலோக இடப்பெயர்ச்சிச் சோதனைகளில் பிழை கண்டுபிடிக்கும் வழி

காப்பர் (செம்பு) சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி செந்நிறமாகும், கரைசலின் நீலம் வெளிறிப் பச்சையாகும். புத்தகத்தில் இவ்வளவுதான். மேசையில் செய்து பார்க்கும்போதோ ஆணி கறுத்துப்போகிறது, இல்லையென்றால் போட்டது போட்டபடி பளபளவென்று கிடக்கிறது, அதுவும் இல்லையென்றால் வரக்கூடாத குமிழிகள் கிளம்புகின்றன. உடனே வினைத்திறன் வரிசை (வினைத்திறன் அதிகமான உலோகத்திலிருந்து குறைந்தது வரை மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டியல்) மீது சந்தேகம் வரும். வரிசை தப்பாவது மிக அரிது. முதலில் உலோகத்தின் மேற்பரப்பைச் சந்தேகப்படுங்கள், அடுத்து கரைசலை, அதற்கும் பிறகு, கண்ணால் பார்த்ததை நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதை.

வரிசையின் பக்கத்தில் நியம மின்முனை அழுத்தங்களையும் (ஓர் உலோகம் எலக்ட்ரானை எவ்வளவு எளிதில் இழக்கும் என்று காட்டும் எண்கள்) எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மெக்னீசியம் −2.37 வோல்ட், அலுமினியம் −1.66, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, ஈயம் −0.13, ஹைட்ரஜன் 0, செம்பு +0.34, வெள்ளி +0.80. வரிசையில் மேலே உள்ள உலோகம் கீழே உள்ளதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும். இதுதான் இடப்பெயர்ச்சி. இடைவெளி பெரிதாக இருந்தால் தள்ளும் விசையும் பெரிது. ஆனால் எவ்வளவு நேரத்தில் தள்ளும் என்று இந்த எண்கள் சொல்வதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான அமைப்பு

5 கிராம் நீலப் படிகக் காப்பர் சல்பேட்டை (மயில்துத்தம்) காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். இது ஏறக்குறைய 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்). சோதனைக் குழாயில் 10 மில்லி எடுத்து, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, சோப்பு நீரில் கழுவி அலசிய 5 செ.மீ. இரும்பு ஆணியைப் பாதி மூழ்கும்படி நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிய பகுதியில் செம்மை படரத் தொடங்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். காப்பர் சல்பேட் கண்ணுக்குக் கெடுதல், விழுங்கினால் நஞ்சு.

அறிகுறி: ஆணியில் ஒன்றுமே நடக்கவில்லை

ஆணி எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். எவர்சில்வர் ஆணி என்றால் அதன் மேல் உள்ள குரோமியம் ஆக்சைடு படலம் கரைசலை இரும்பைத் தொட விடாது. காந்தம் ஒட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம், எவர்சில்வரிலும் சில வகைகளைக் காந்தம் இழுக்கும். நம்பகமான சோதனை வேறு: ஆணி முனையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டுப் பாருங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி உடனே பொங்கும். வெறும் இரும்பு மெதுவாகக் குமிழி விடும். எவர்சில்வர் சும்மா இருக்கும்.

நாகம் பூசிய ஆணி என்றால் அறிகுறி வேறு மாதிரி: காப்பர் சல்பேட்டில் விட்டதும் சிவப்பு வராமல் கருமை அப்பும். அங்கே செம்பைத் தள்ளுவது இரும்பு இல்லை, மேலே உள்ள துத்தநாகம். நீலம் வெளிறினாலும் பச்சை வராது.

வெறும் இரும்பு ஆணிதான், இருந்தாலும் திட்டுத்திட்டாகத்தான் சிவக்கிறது என்றால் காரணம் எண்ணெய். துருப்பிடிக்காமல் இருக்க ஆணிகளுக்கு எண்ணெய் தடவியே விற்கிறார்கள். உப்புத்தாள் மட்டும் போட்டால் எண்ணெய் பரவுமே தவிரப் போகாது. தேய்த்தபின் சோப்பு, அதன்பின் நீர், முடிந்தால் அசிட்டோனில் ஒரு அலசல். நீரிலிருந்து எடுக்கும்போது ஆணி மேல் நீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்தால் சுத்தமாகிவிட்டது என்று பொருள். தேய்த்த ஆணியை விரலால் தொட்டால் விரல் ரேகை அப்படியே செம்பில் பதிந்து தெரியும். இடுக்கியால் பிடியுங்கள்.

அறிகுறி: அலுமினியம் அசையவே இல்லை

வரிசைப்படி அலுமினியம் இரும்பையும் துத்தநாகத்தையும் விட மேலே. காப்பர் சல்பேட்டில் போட்டாலோ மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி இதுதான். அலுமினியம் செம்புக்குக் கீழே என்று குறிப்பேட்டில் எழுதிவிடுபவர்களும் உண்டு.

காற்றுப் பட்ட நொடியிலேயே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கனம் சில நானோமீட்டர்தான், ஆனால் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். கரைசலில் உள்ள செம்பு அயனிக்கும் உள்ளே உள்ள உலோகத்துக்கும் நடுவே அது சுவர். உப்புத்தாளால் தேய்த்தால் நீரில் போடுவதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும்.

வழி சமையல் உப்பு. 10 மில்லி 0.2 மோலார் காப்பர் சல்பேட்டில் 3 செ.மீ. சதுர அலுமினியத் தாளைப் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இருக்காது. இப்போது அரை கிராம் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். கரைசலில் லேசாகப் பச்சைச் சாயல் தட்டும். தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி விரியும். குமிழிகள் வரும், குழாய் சூடாகும், தாள் ஓட்டை ஓட்டையாகி நொறுங்கும். குளோரைடு அயனி படலத்தின் பலவீனமான இடங்களைத் துளைக்கிறது. துளையில் ஒரு துளி செம்பு படிந்துவிட்டால் அதுவும் அலுமினியமும் சேர்ந்து சின்ன மின்கலமாகி, பக்கத்துப் படலத்தையும் தூக்கி எறிகின்றன. புள்ளிகளிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

சல்பேட்டுக்குப் பதில் காப்பர் குளோரைடு கரைசலை எடுத்தால் உப்பே வேண்டாம், உடனே பிடித்துக்கொள்ளும். வெளிவரும் வாயு ஹைட்ரஜன். எனவே குழாய்க்கு மூடி போடாதீர்கள், பக்கத்தில் தீ வேண்டாம். தாளைப் பந்தாக உருட்டிப் பெரிய அளவில் செய்தால் கரைசல் கொதித்து வெளியே வழியும். குளிர்பானக் கேனை வெட்டிப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, உப்பு போட்டாலும் அந்தப் பக்கம் வேலைசெய்யாது.

அறிகுறி: ஆணி சிவந்துவிட்டது, நீலம் மட்டும் குறையவே இல்லை

இதில் பிழை எதுவும் இல்லை. கணக்குப் போட்டால் புரியும். 10 மில்லி 0.2 மோலார் கரைசலில் 0.002 மோல், அதாவது 0.127 கிராம் செம்பு இருக்கிறது. 3 மில்லிமீட்டர் தடிமனும் 5 செ.மீ. நீளமும் உள்ள ஆணி முழுதும் மூழ்கினாலும் அதன் மேற்பரப்பு சுமார் 4.7 சதுர செ.மீ. அதன் மேல் ஒரு மைக்ரான் கனத்துக்குச் செம்பு படிந்தால் கண்ணுக்கு நல்ல சிவப்பாகத் தெரியும். அந்தப் படிவின் எடை 0.004 கிராம். கரைசலில் இருந்த செம்பில் வெறும் 3 விழுக்காடு! நீலத்தில் 3 விழுக்காடு குறைந்ததை எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. போதாததற்கு, படிந்த செம்பே இரும்பை மூடிக்கொள்வதால் போகப்போக வேகம் குறையும்.

நிறமாற்றம்தான் வேண்டும் என்றால் ஆணியை விடுங்கள், இரும்புப் பஞ்சை எடுங்கள். 5 மில்லி 0.1 மோலார் கரைசலுக்கு இரும்பு 0.028 கிராம்தான் தேவை, ஆனாலும் 0.3 கிராம் போடுங்கள். சோப்பில் கழுவி எண்ணெய் போக்கிய பஞ்சாக இருக்கட்டும். சில நிமிடம் குலுக்கினால் நீலம் ஓடிவிடும். எடுத்து வைத்த மூலக் கரைசலைப் பக்கத்தில், பின்னால் வெள்ளைத் தாளுடன் வைத்து ஒப்பிடுங்கள். பளிச்சென்ற பச்சையை எதிர்பார்க்காதீர்கள். 0.1 மோலார் இரும்பு (2) சல்பேட் கிட்டத்தட்ட நிறமற்றது (அடைப்பிலுள்ள எண், இரும்பு அணு இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை). பாடநூல் படங்களில் காணும் பச்சை மிகச் செறிவான கரைசலுடையது.

அறிகுறி: பச்சைக்குப் பதில் மஞ்சள், பழுப்பு, கலங்கல்

இரும்பு (2) காற்றிலுள்ள ஆக்சிஜனால் இரும்பு (3) ஆகிவிட்டது. குழாயை இரவு முழுதும் திறந்து வைத்தால் அடியில் துரு நிறப் படிவும் சேரும். தொடக்கத்திலேயே நீர்த்த கந்தக அமிலம் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் குழாயைத் தளர்வாக மூடினால் பெருமளவு தடுக்கலாம். அமிலம் அதிகமானால் இரும்பே குமிழி விடத் தொடங்கும்.

இந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, விளைபொருள் இரும்பு (3) சல்பேட் என்று சமன்பாட்டில் எழுதுவது வழக்கமான பிழை. இடப்பெயர்ச்சியில் உருவாவது இரும்பு (2) மட்டுமே:

இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு (2) சல்பேட் + செம்பு

அறிகுறி: செம்பு சிவப்பாக இல்லை, கரேலென்று இருக்கிறது

துத்தநாகத் துண்டையோ மெக்னீசிய நாடாவையோ போட்டால் பெரும்பாலும் கரும்பழுப்புச் சேறு போலத்தான் வரும். இதைக் காப்பர் ஆக்சைடு என்று எழுதுபவர்கள் நிறைய. பெரும்பகுதி செம்புதான். துகள் மிக நுண்ணியதாக, பஞ்சு போல இருந்தால் ஒளி உள்ளேயே சிக்கிக் கருப்பாகத் தெரியும். வினை எவ்வளவு வேகமோ துகள் அவ்வளவு நுண்மை.

சரிபார்க்க இரண்டு வழி. கருப்புப் பொடியைக் கழுவி, வடிதாளில் வைத்து, கண்ணாடிக் கோலின் மழுங்கிய முனையால் அழுத்தித் தேயுங்கள். தேய்த்த கோட்டில் செம்பின் சிவந்த மினுமினுப்பு தெரியும். இன்னொரு சிட்டிகையை நீர்த்த கந்தக அமிலத்தில் போடுங்கள். ஆக்சைடு என்றால் கரைந்து கரைசல் நீலமாகும், செம்பு என்றால் அப்படியே கிடக்கும்.

ஒட்டிப் பளபளக்கும் செம்புப் படிவு வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்: கரைசலை 0.05 மோலாருக்கு நீர்த்துங்கள், குளிர்ச்சியாக வையுங்கள், துத்தநாகத்தை விட்டு இரும்பைப் பயன்படுத்துங்கள். அப்போதும் அது முலாம் போல உறுதியாக இருக்காது, விரலால் துடைத்தால் வந்துவிடும்.

அறிகுறி: உலோகம் படியும்போதே குமிழி வருகிறது

மெக்னீசியத்தில் இது நிச்சயம் வரும். காப்பர் சல்பேட் கரைசல் நடுநிலை இல்லை. செம்பு அயனி நீராற்பகுப்பு அடைவதால், அதாவது நீருடன் வினைபுரிவதால், இலேசான அமிலத்தன்மை உண்டு. மெக்னீசியம் அந்த அமிலத்துடனும் நீருடனும் வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தள்ளுகிறது. மேலே படிந்த செம்பு அதற்கு இன்னும் வேகம் கூட்டுகிறது. உலோகத்தை ஒட்டிய இடத்தில் அமிலம் தீர்ந்து காரத்தன்மை ஏறும்போது வெளிர் நீலப்பச்சையாக ஒரு வீழ்படிவும் கிளம்பும். அது கார காப்பர் சல்பேட். ஆகவே மெக்னீசியக் குழாயில் செம்பு, குமிழி, நீலப்பச்சைக் கலங்கல் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. குறிப்பேட்டில் மூன்றையும் எழுதுங்கள்.

சோடியம், கால்சியம் இரண்டையும் இந்தச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. அவை செம்பைக் கண்டுகொள்ளாமல் முதலில் நீரைத் தாக்கும். கிடைப்பது நீல நிறக் காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவும் ஹைட்ரஜனும்தான். சோடியம் தீப்பிடித்து வெடிக்கவும் செய்யும்.

அறிகுறி: நடக்கக்கூடாத இடத்தில் வினை நடக்கிறது

ஜிங்க் (துத்தநாகம்) சல்பேட்டில் போட்ட இரும்பு சிவந்துவிட்டதா? சொட்டுக்குழாய்தான் குற்றவாளி. முன்பு காப்பர் சல்பேட் எடுத்த அதே சொட்டுக்குழாயை அலசாமல் பயன்படுத்தினால் ஒரே சொட்டு போதும். குழித்தட்டில் பல உலோகங்களை வரிசையாகச் சோதிக்கும்போது, இடுக்கி ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு கரைசலைச் சுமந்து போவதும் உண்டு. கரைசலுக்கு ஒரு சொட்டுக்குழாய் என்று ஒதுக்கி, உலோகங்களை வினைத்திறன் குறைந்த கரைசலில் கடைசியாகப் போடுங்கள்: முதலில் மெக்னீசியம் சல்பேட், பிறகு துத்தநாகம், இரும்பு, கடைசியில் செம்பு.

இரும்பு (3) குளோரைடில் செம்புத் தகடு கரைவது வேறு கதை. செம்பு இரும்பை இடப்பெயர்ச்சி செய்துவிட்டதோ என்று தோன்றும். கரைசலின் அடியில் இரும்பு எதுவும் படியவில்லை என்பதைக் கவனியுங்கள். இரும்பு (3) ஓர் எலக்ட்ரானை வாங்கி இரும்பு (2) ஆவதோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு படிக்கு உரிய அழுத்தம் +0.77 வோல்ட், செம்பின் +0.34-ஐ விட அதிகம். மின்சுற்றுப் பலகைகளில் வேண்டாத செம்பை அரித்தெடுப்பது இதே வினையால்தான்.

அறிகுறி: நடந்ததா இல்லையா என்றே தெரியவில்லை

ஜிங்க் சல்பேட்டில் மெக்னீசியம், இரும்பு (2) சல்பேட்டில் துத்தநாகம் போன்றவற்றில் கரைசலின் நிறமும் மாறாது, சாம்பல் மேல் சாம்பல் படிவதால் உலோகத்திலும் ஒன்றும் தெரியாது. மெக்னீசியத்தைப் பளிச்சென்று தேய்த்து, பாதியை மட்டும் மூழ்க வைத்து, கோடு விழுகிறதா என்று பாருங்கள். இரும்பு வெளிவரும் சோதனை என்றால் படிந்த கருப்புப் பொடியைக் கழுவி, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். பொடி கூடவே நகர்ந்தால் அது இரும்பு.

ஈயத்தைக் காப்பர் சல்பேட்டில் போட்டு எதுவும் வரவில்லை என்றால் கரைசலை மாற்றுங்கள். ஈயத்தின் சல்பேட் கரையாதது. தோன்றிய உடனே உலோகத்தை வெள்ளைப் படலமாக மூடிவிடும். காப்பர் நைட்ரேட் எடுத்தால் அந்தத் தடை இல்லை. அதே போல வெள்ளீயத்தையும் ஈயத்தையும் ஒன்றோடொன்று சோதித்து வரிசை கண்டுபிடிக்க முயல வேண்டாம். இடைவெளி 0.01 வோல்ட்தான், செறிவில் சிறு வேறுபாடு இருந்தாலே முடிவு தலைகீழாகும்.

அறிகுறி: சில்வர் நைட்ரேட் பால் போலத் திரிகிறது

குழாய் நீரில் கரைத்திருப்பீர்கள். அதிலுள்ள குளோரைடு, வெள்ளியை வெள்ளைச் சில்வர் குளோரைடாக வீழ்த்திவிடும். காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். பீக்கரையும் கடைசியாக அதே நீரால் அலசுங்கள். 100 மில்லிக்கு 1.7 கிராம் போட்டால் 0.1 மோலார். செம்புக் கம்பிச் சுருளைத் தொங்கவிட்டால் முதலில் கருமை ஏறும், பிறகு சாம்பல் மயிர், அதன்பின் மினுங்கும் ஊசிகள். கருமையோடு நின்றுபோனால் கரைசல் செறிவு அதிகம், அல்லது பீக்கர் ஆடிக்கொண்டே இருந்தது. 0.05 மோலாரில், அசைவில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விட்டால் நீண்ட ஊசிகள் கிடைக்கும், கரைசலும் மெல்ல நீலமாகும். செம்பு ஒன்றுக்கு வெள்ளி இரண்டு என்பதைச் சமன்பாட்டில் மறக்காதீர்கள்.

சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் அப்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கருப்புக் கறையாகி, தோல் உரியும்வரை போகாது.

அறிகுறி: வெப்பநிலை உயர்வு கணக்குக்கு ஒத்துவரவில்லை

25 மில்லி 0.2 மோலார் காப்பர் சல்பேட்டில் 1 கிராம் துத்தநாகப் பொடி போட்டால், வெப்பம் வெளியே கசியாமல் இருந்தால், சுமார் 10.4 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். இரண்டு மூன்று டிகிரியோடு நின்றால் பொடிக்குப் பதில் கட்டித் துண்டு போட்டிருப்பீர்கள், அல்லது கண்ணாடி பீக்கரில் செய்திருப்பீர்கள். தெர்மகோல் கப்பை எடுத்து, விடாமல் கலக்கி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, வரைபடமாக்கி, அதில் குளிரும் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பொடி போட்ட நேரத்தில் படியுங்கள்.

வெப்பநிலை உயர்வை மட்டும் வைத்து வரிசை அமைத்தால் அலுமினியம் ஆக்சைடு படலத்தால் இரும்புக்கும் கீழே போகும், மெக்னீசியமோ நீருடன் செய்யும் வினையின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டும். துத்தநாகம், இரும்பு இரண்டையும் ஒப்பிட மட்டுமே இந்த முறை நம்பத்தக்கது.

அறிகுறி: எடை தலைகீழாக வருகிறது

செம்பு படிந்தால் தகடு கனக்கும் என்பது பொதுவான நினைப்பு. இரும்பில் சரி: 55.85 கிராம் கரைந்து 63.55 கிராம் படிகிறது. துத்தநாகத்தில் 65.38 கிராம் கரைந்து 63.55 கிராம்தான் படிகிறது, தகடு எடை குறைய வேண்டும். நம் 10 மில்லி கரைசல் முழுதும் வினைபுரிந்தாலும் இரும்பில் கூடுவது 15 மில்லிகிராம், துத்தநாகத்தில் குறைவது 4 மில்லிகிராமுக்கும் கீழே. 0.01 கிராம் தராசில் இரண்டாவதைப் பார்க்கவே முடியாது. அதைவிடப் பெரிய மாற்றம் தெரிந்தால் செம்பு உதிர்ந்துவிட்டது அல்லது தகடு ஈரமாக இருக்கிறது.

செம்பைத் தனியே வடித்து எடைபோடும்போது, கணக்குப்படி வர வேண்டிய எடையில் 100 விழுக்காட்டைத் தாண்டினால் உள்ளே கரையாத இரும்போ துத்தநாகமோ மிச்சம் இருக்கிறது. 1 மோலார் கந்தக அமிலத்தில் குமிழி நிற்கும்வரை வைத்து வடிகட்டுங்கள். பிறகு நீர், அதன்பின் ஆல்கஹால் கொண்டு கழுவி இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். அதிகச் சூட்டில் உலர்த்தினால் செம்பு ஆக்சைடாகி மறுபடி எடை கூடும்.

மிச்சக் கரைசல்

காப்பர் சல்பேட் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். மிஞ்சியதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்த்து இரும்புப் பஞ்சு போட்டு இரவு விடுங்கள். வெள்ளிக் கரைசலை இதில் சேர்க்காமல், தனியே உப்பு போட்டு வீழ்படிவாக்கி எடுத்துவையுங்கள். அதில் அம்மோனியா கலந்து சேமிப்பது ஆபத்து, வெடிக்கும் சேர்மம் உண்டாகலாம். ஈயக் கரைசலும் தனிப் பாட்டிலுக்கே.

மறுநாள் காப்பர் பாத்திரத்தை வடிகட்டுங்கள். தெளிந்த நீரில், புதிதாகத் தேய்த்துக் கழுவிய ஆணி ஒன்றை 10 நிமிடம் நிறுத்துங்கள். சிவப்பு ஏறினால் செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, பஞ்சை மாற்றி இன்னொரு இரவு விடுங்கள்.